பக்ஸ்டனில் கேட்ட தாயின் பாடல்

மான்செஸ்டரில் ஏறிய ரயில், கல் சுவர்கள் பிரித்த புல்வெளிகளுக்கிடையே மெல்ல மேடேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் என்னை இங்கிலாந்தின் சிற்றூரான பக்ஸ்டனில் இறக்கிவிட்டது. செயின்ட் ஆன் கிணற்றின் இளஞ்சூடான ஊற்றுநீரை உள்ளூர்க்காரர்களோடு வரிசையில் நின்று பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். ஆயினும் நான் வந்தது ஓபரா என்னும் இசை நாடகத்துக்காக. ஊர் ஊராகச் செல்லும் ஒரு குழு, ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்து 1903-இல் திறக்கப்பட்ட ஓபரா ஹவுஸில், கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த 'அயோலாந்தி'யை அன்று மாலை நிகழ்த்தவிருந்தது.

1882 நவம்பர் 25 அன்று லண்டன் சவாய் அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியபோது, முதன்மைத் தேவதையரின் கூந்தலில் சிறு மின்விளக்குகள் ஒளிர்ந்தன. நான் கண்ட குழுவிடம் அத்தகைய வசதி இல்லை. லாரியில் அடுக்குவதற்கு ஏற்ற மூன்று தட்டிகளே முதல் அங்கத்தில் ஓடைக்கரையாகவும், திருப்பி வைத்ததும் இரண்டாம் அங்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் முற்றமாகவும் ஆயின. அது எனக்குக் குறையாகவே படவில்லை.

மனிதனை மணக்கும் தேவதை சாக வேண்டும் என்பது தேவதையரின் சட்டம். அப்படி மணந்த அயோலாந்தி என்னும் தேவதை, சாவுக்குப் பதிலாக 25 ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டவள்; அவள் மகன் ஸ்டிரெபான் இடுப்புவரை தேவதை, அதற்குக் கீழே மனிதன். அவனுடைய காதலி ஃபிலிஸைத் தாமே மணக்க விரும்பும் லார்ட் சான்சலர் என்னும் உயர் நீதி அதிகாரிதான் அயோலாந்தி மணந்த மனிதர்; ஆனால் ஸ்டிரெபான் தம் மகன் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தச் சிக்கலைச் சிரித்துக்கொண்டே பின்தொடர்ந்த அவை, முக்காடிட்டு வந்த தாய் லார்ட் சான்சலரிடம் மகனுக்காக மன்றாடிப் பாடியபோது ஒரு இருமல்கூட இல்லாமல் அடங்கியது. அவர் மறுக்கவே, தன்னை வெளிப்படுத்தினால் மரணம் என்று தெரிந்தும் அவள் முக்காட்டை விலக்குகிறாள். சல்லிவன் அதே ஆண்டு மே மாதத்தில்தான் தம் தாயை இழந்திருந்தார். நகைச்சுவை ஓபராவின் நடுவே இவ்வளவு கனிந்த ஒரு மெட்டு எப்படி வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இழப்பே நினைவுக்கு வருகிறது.

மற்றத் தேவதையரும் பிரபுக்களை மணந்துவிட்டதால் அனைவருமே சாக வேண்டிய நிலை வர, லார்ட் சான்சலர் சட்டத்தில் ஒரே ஒரு சொல்லைச் செருகி, மனிதனை மணக்காத தேவதையே சாக வேண்டும் என்று திருத்துகிறார். உடனே தேவதையரின் அரசியே ஒரு காவலாளியின் கையைப் பற்றுகிறாள். தமிழில் இதற்குத் தனிச்சொல்லும் வேண்டாம், 'மணந்த' என்பது 'மணக்காத' என்று ஆனாலே போதும் என எண்ணி மகிழ்ந்தேன். காட்சி முடிந்து வெளியே வந்தபோது, அந்தத் தட்டிகளை இருவர் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கரை வெளிப்பக்கமாக இருந்தது.