நோயெதிர்ப்பியல் தாள்: முதலில் உள்வாலைப் பாருங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது, நெஞ்சிலிருந்த பாரமும் இறங்கிவிட்டது. பெரிய வினா டி செல் ஏற்பியின் (நோயெதிர்ப்பு டி செல்லின் சவ்வில் நின்று அயற்பொருளை உணரும் புரதம்) சமிக்ஞை பற்றி வந்தது. எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: எந்தச் சவ்வுப் புரதத்தைப் படித்தாலும் செல்லுக்குள் நீளும் அதன் வாலை முதலில் பார்ப்பேன்.

இரண்டு கோடு போடுங்கள், அதுதான் சவ்வு. ஏற்பியின் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளை வரைந்தால், உள்ளே இருப்பது ஒருசில அமினோ அமிலங்கள்தான் என்பது கண்ணில் படும். இவ்வளவு குட்டை வாலால் உள்ளே சேதி சொல்ல முடியாது. பிறகு யார் சொல்வது? இந்தக் கேள்வி எழுந்தால், ஏற்பியோடு சேர்ந்தே இருக்கும் சிடி3 புரதத் தொகுதி தானாக நினைவில் நிற்கும். அதன் காமா, டெல்டா, இரண்டு எப்சிலான் சங்கிலிகளில் ஐடாம் (வாலில் பாஸ்பேட் ஏறும் பகுதி) ஒவ்வொன்று, இரண்டு ஜீட்டாவிலும் மும்மூன்று, ஆக 10. ஒவ்வொரு ஐடாமிலும் இரண்டு டைரோசின்கள். எல்சிகே என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) இரண்டிலும் பாஸ்பேட் ஏற்றினால்தான் அடுத்த கைனேஸான ஸாப்-70 இறுகப் பற்றும். பிறகு சேதி வரிசையாக லாட், பிஎல்சி காமா, கால்சியம், கடைசியில் மரபணுக்களை இயக்கும் என்ஃபாட் என்று போகும். கால்சியத்துக்குப் பிந்தியதை எல்லாரும் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். சவ்வை ஒட்டி நடப்பதை எழுதுவதில்தான் விடைகள் வேறுபடுகின்றன.

முக்கியமாக சிடி45. பாஸ்பேட்டை நீக்கும் நொதி என்றதும் 'தடுக்கிறது' என்று எழுதக் கை போகும். எழுதாதீர்கள். எல்சிகேயின் 505-ஆம் டைரோசினில் உள்ள பாஸ்பேட் அந்தக் கைனேஸை முடக்கி வைக்கிறது. சிடி45 அதை நீக்கி விடுவிக்கிறது. அதே சிடி45 ஏற்பியின் பக்கத்திலேயே நின்றால் ஐடாமின் பாஸ்பேட்டையும் எடுத்துவிடும். ஆனால் அதன் வெளிப்பகுதி பெரியது. டி செல்லும் அதற்கு அயற்பொருளைக் காட்டும் செல்லும் நெருங்கித் தொடும் இடுக்கில் இடம் போதாமல் அது ஓரத்துக்கு ஒதுங்குகிறது. இந்த மாதிரியை விளக்க ஒரு படம் போதும். நடுவில் ஏற்பி, சுற்றிலும் சிடி45. இந்தப் பாடத்திலேயே அழகான இடம் இதுதான் என்பேன்.

மற்றவை:
- சிடி4, சிடி8 (ஏற்பிக்குத் துணை நிற்பவை): வாலில் எல்சிகே ஒட்டியிருக்கும்.
- சிடி28 (தூண்டுவது), சிடிஎல்ஏ-4 (தடுப்பது): சேர்த்தே படியுங்கள். இரண்டும் பற்றுவது எதிர் செல்லில் உள்ள சிடி80, சிடி86-ஐத்தான். சிடிஎல்ஏ-4-இன் பிடி வலுவானது.
- பிடி-1 (இதுவும் தடுப்பது): வாலில் வந்து சேர்வது பாஸ்பேட்டை நீக்கும் எஸ்எச்பி-2.
- பி செல் ஏற்பி: சிடி3-க்குப் பதில் ஐஜி ஆல்ஃபா, ஐஜி பீட்டா, ஸாப்-70-க்குப் பதில் சிக்.
- ஆலிசன், ஹோஞ்சோ, 2018 நோபல் (இந்தத் தடுப்புகளை நீக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு): ஒரு வரி போதும்.

ஜேக்-ஸ்டாட் சமிக்ஞை வழியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல், இரண்டாம் வகை சைட்டோகைன் (செல்களுக்கிடையே சேதி கொண்டுசெல்லும் புரதம்) ஏற்பிகளுக்கும் சொந்தக் கைனேஸ் கிடையாது. ஜேக் என்ற கைனேஸ் அவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கும் வாலிலிருந்து தொடங்கினால் மீதி சீக்கிரம் முடிந்துவிடும்.