அடித்தகட்டில் துரு

இன்று காலை எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனைக்காக உயர்த்தி நிறுத்தப்பட்டிருந்த என் பழைய காரின் கதவுக்கு அடியிலுள்ள தகட்டை மெக்கானிக் கட்டைவிரலால் அழுத்தினார். செம்பழுப்புத் துகள்கள் அவருடைய கையுறைமீது உதிர்ந்தன.

குளிர்காலத்தில் பிரிட்டனின் சாலைகளில் தூவப்படும் உப்பு, தகட்டின் மடிப்புகளில் ஈரத்தோடு தங்கி, வெளியே வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இரும்பைத் தின்றுவிடுகிறது.

கார் தேறவில்லை.

இங்கிலாந்தில் கார் பதிவாகி 3 ஆண்டுகள் ஆனபின் ஆண்டுதோறும் இச்சோதனை கட்டாயம். அதற்கான கட்டணம் 54.85 பவுண்டைத் தாண்டாது. ஆனால், துருவேறிய பகுதியை வெட்டி வெல்டிங் செய்ய அவர் சொன்ன தொகை, இந்தக் காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம்.

விற்றுவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். 2008ஆம் ஆண்டு பெட்ரோல் கார் என்பதால், அதிகம் மாசுபடுத்தும் வண்டிகளுக்கு லண்டனில் விதிக்கப்படும் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் இதற்கில்லை. என் கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கும் பழைய டீசல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு.

சென்ற ஆண்டுச் சான்றிதழிலேயே இந்தத் துருவைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இருந்தது. தேறிவிட்ட நிம்மதியில் அதை மடித்து வைத்துவிட்டேன் என்பதுதான் இப்போது வருத்துகிறது.

வெல்டிங்குக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினேன்.