செஸ்னா 172 இறக்கையை சாலிட்வொர்க்ஸில் வரையும்போது

சாலிட்வொர்க்ஸ் ஒரு முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் இறக்கை வெட்டுமுகம் என்ஏசிஏ 2412 என்ற தரப்படுத்திய வடிவம். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நேர்நீளம்தான் நாண். வளைவு நாணில் 2 சதவீதம், அது உச்சம் தொடுவது முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத்தில், தடிமன் 12 சதவீதம். விமான உடலருகே உள்ள அடிநாண் சுமார் 1626 மி.மீ., இறக்கை முனையில் உள்ள நுனிநாண் 1118. நாண் 1 எனக் கொண்டு கணக்கிட்ட வெட்டுமுகப் புள்ளிகளை எக்செலில் நாண்நீளத்தால் பெருக்கிவிட்டே உள்ளே கொண்டுவாருங்கள்; இல்லையென்றால் 1 மி.மீ. இறக்கைதான் கிடைக்கும். எக்செல் அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசையில் (Z) பூஜ்ஜியம் இருக்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது பின்விளிம்பில். புள்ளிகளைத் தரும் வழக்கமான என்ஏசிஏ சூத்திரம் அங்கே மூடுவதில்லை. அடிநாணில் ஏறக்குறைய 4 மி.மீ. இடைவெளி விடும். மொத்த உருவத்தையும் ஒரே ஸ்ப்லைனாக (புள்ளிகள் வழியே செல்லும் வழவழப்பான வளைகோடு) ஓட்டினால் அந்த மூலையில் கோடு அலைபாயும். மேற்பரப்புக்கு ஒன்று, கீழ்ப்பரப்புக்கு ஒன்று எனப் பிரித்து, பின்னால் சிறு நேர்கோட்டால் மூடுங்கள். முன்விளிம்பில் இரண்டும் உடையாமல் ஒரே தொடுகோட்டில் இணைய வேண்டும். அங்கே புள்ளிகள் நெருக்கமாக இருப்பது முக்கியம், அதனால் விளிம்புகளில் புள்ளிகளை நெருக்கி வைக்கும் கோசைன் இடைவெளியே நல்லது.

உள்பகுதியில் நாண் மாறாது, அதற்கு வெட்டுமுகத்தை நேராக நீட்டும் எக்ஸ்ட்ரூட் கட்டளை போதும். வெளிப்பகுதிக்குத்தான் இரு வெட்டுமுகங்களை இணைக்கும் லாஃப்ட் கட்டளை. நுனி வெட்டுமுகத்தை நாணின் கால்பங்குப் புள்ளியைச் சுற்றி 3 பாகை மூக்கு தாழத் திருப்புங்கள். இரு வெட்டுமுகங்களிலும் கோட்டுத்துண்டுகளின் எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் இறக்கையின் மேற்தோல் முறுக்கிக்கொள்ளும். உள்ளே வெற்றாக்கும் ஷெல் கட்டளை தோற்றால் பின்விளிம்பைப் பாருங்கள்: உள்ளே நகரும் இரு பரப்புகளும் அங்கேதான் மோதுகின்றன. கடைசியாகப் பரப்பின் வழவழப்பைச் சோதிக்கும் ஜீப்ரா பட்டைகளை ஓடவிட்டால், முன்விளிம்பில் உடைந்த பட்டை தவறைக் காட்டிக்கொடுக்கும்.