நல்ல உடம்பு என்றால் எது?

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு வினாநிரலைக் கையில் கொடுத்தார்கள். 2001இல் கனடாவில் மெண்டல்சன் குழுவினர் வெளியிட்டது. மொத்தம் 23 வாக்கியங்கள். தன் தோற்றம், தன் எடை, தன்னைப் பார்த்து மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற மூன்றிலும் வளரிளம் பிள்ளைகளின் மனநிலையை அளப்பது. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை ஐந்து விடைகள். இதை இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள், இரண்டையும் கலந்து ஒரு பிரதி செய்வோம், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள், குழு உட்கார்ந்து ஒப்பிடும். மொழியும் என்னை மிரட்டவில்லை. உடல் பிம்பத்துக்கு, அதாவது தன் உடம்பைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் படத்துக்கு, அங்கே 'சித்ரா தூபுஹ்' என்று பெயர். சித்ரா நம் சித்திரம். முகம் 'மூகா', நிறம் 'வார்னா', தோற்றம் 'ரூபா'. சமஸ்கிருதம் இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போன சாமான்கள். பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்த ஆங்கிலம் மூலத்தோடு அச்சாகப் பொருந்தியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டோம்.

அப்புறம் பள்ளிக்குப் போனோம். நீலமும் வெள்ளையும் சீருடை போட்ட நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்ததும் மனதில் என்ன ஓடுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். 'எனக்கு நல்ல உடம்பு இருக்கிறது' என்று ஒரு வாக்கியம். 'பாடான் பாகுஸ்' என்று சுத்தமாக மொழிபெயர்த்திருந்தோம். ஒரு பையன் கைச்சதையை முறுக்கிக் காட்டினான். அடுத்தவன், கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதே, கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றான். ஒரு பெண் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நான் கூருஸ், காக். லாங்சிங் இல்லை" என்றாள். காக் என்றால் அக்கா. கூருஸ், லாங்சிங் இரண்டும் ஒல்லியைத்தான் குறிக்கும். முன்னது சாப்பாடில்லாமல் வற்றிய ஒல்லி, பின்னது பார்க்க அழகான ஒல்லி. மறுமொழிபெயர்ப்பில் இரண்டுமே ஒரே ஆங்கிலச் சொல்லாகத் திரும்பிவிடலாம். அவளுக்கோ பிரச்சினையே அந்த இடைவெளியில் இருந்தது.

எடை பற்றிய வாக்கியங்களிலும் இதே கதை. எடை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்ற வாக்கியத்துக்கு 'அடிக்கடி' என்று குறித்த பையன்களில் சிலர், எடை ஏறவில்லையே என்று வருந்துகிறவர்கள். எடை பார்த்தால் மனம் சோர்கிறது என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் 'டெப்ரெசி', அதாவது டிப்ரெஷன், என்றே போட்டிருந்தார். பிள்ளைகளுக்கு அது மருத்துவமனைச் சொல். ஒரு ஆசிரியை பதறிப்போய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாங்கள் எதைத் தேடி வந்திருக்கிறோம் என்று கேட்டார். 'சேடிஹ்', அதாவது சோகம், என்று இறக்கினோம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேலை பற்றிய வாக்கியம். என் தோற்றம் எனக்கு வேலை கிடைக்க உதவும் என்று வரும். தன்மீதுள்ள நம்பிக்கையை அளக்க வைத்தது. இந்தோனேசியாவில் அப்போது வேலை விளம்பரங்களிலேயே 'கவர்ச்சியான தோற்றம் உள்ளவர்' என்ற நிபந்தனையைப் பார்க்க முடிந்தது. ஆகவே பிள்ளைகள் நாட்டு நடப்பைச் சொன்னார்கள். "ஆமாம் காக், அப்படித்தான் எடுப்பார்கள்." தன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

'சாயா' வேண்டுமா, 'ஆகு' வேண்டுமா என்றும் ஒரு சண்டை நடந்தது. இரண்டும் 'நான்'தான். சாயா மரியாதையானது, ஆகு நெருக்கமானது. டைரி எழுதும் பிள்ளை ஆகு என்றுதான் எழுதும் என்று வாதாடினேன். மூத்தவர்கள் கேட்கவில்லை. இன்றும் நான் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பெரிய சறுக்கல் வேறொரு பள்ளியில். பெயர் வேண்டாம். நாங்கள் அடுத்த அறையில் இருந்தபோது வகுப்பாசிரியர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அந்த வகுப்பு முழுக்க 'எப்போதும் மகிழ்ச்சி'. உடம்பைக் குறை சொன்னால் இறைவன் தந்ததைப் பழித்த மாதிரி என்று வளர்ந்த பிள்ளைகள், ஆசிரியர் முன்னால் வேறென்ன எழுதுவார்கள்? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, உறையும் பசையும் வாங்கிக்கொண்டு மறுபடி போனோம்.

இத்தனைக்கும், பிள்ளைகள் அதிகம் பேசிய விஷயம் அந்த 23இல் இல்லவே இல்லை. தோல் நிறம். அங்கே மாநிறத்துக்கு 'சாவோ மாத்தாங்' என்பார்கள், பழுத்த சப்போட்டா. எவ்வளவு அழகான சொல்! அதைச் சொன்ன பெண்ணின் பையிலேயே வெளுப்பாக்கும் கிரீம் இருந்தது. இந்தியத் தொடர்கள் அங்கே வெகு பிரபலம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள்: "காக் இந்தியாதானே, ஏன் டிவியில் வருகிற மாதிரி வெள்ளையாக இல்லை?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை, அது வேறு. நிறத்துக்கென்று இரண்டு கேள்விகளை எழுதி, மதிப்பெண்ணில் சேராமல் கடைசியில் தனியாக வைத்தோம். மூல அளவுகோலில் கை வைக்க முடியாது. அதற்கு மேல் செய்ய எங்களுக்குத் தைரியமும் இல்லை.

'நல்ல உடம்பு' வாக்கியத்தை 'நல்ல உடல்வடிவம்' என்று மாற்றினோம். கடவுளுக்கு நன்றி சொன்ன பையன் வகையறா குழப்பம் அதோடு குறைந்தது. குழு திருப்தியாகக் கையெழுத்துப் போட்டது. அடுத்த சுற்றுக்கு பந்துல் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனோம். உறைகளைப் பிரித்தபோது ஒரு தாளில் அந்த வாக்கியத்துக்கு மட்டும் விடை இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "போட்டோ எடுக்கவா, பந்து விளையாடவா?"