அம்மாவின் ரீடரில் திறக்காத நாவல்

கோத்தகிரியில் மூன்று நாள் விடாத மழை. இன்றுதான் டவர் வந்தது. அம்மாவுக்குக் கண் மங்கல். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்று ஒரு மின்னூல் ரீடர் வாங்கித் தந்திருந்தேன். வேறொரு கடையில் வாங்கிய நாவல் அதில் திறக்கவே இல்லை. "காசு குடுத்துத்தான வாங்குன கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஈபப் என்பது மின்னூல்களுக்கான, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கோப்பு வடிவம். அதன்மேல் நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்ற மென்பொருள் பூட்டு விழுந்துவிட்டால், விற்ற கடை சம்மதிக்கும் கருவியில் மட்டுமே திறக்கும். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் அப்படியே மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் புத்தகம் போனது போனதுதானே?

எழுதும் நண்பர்களே, அமேசானில் சொந்தமாக மின்னூல் வெளியிடுவோருக்கான கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது. நிறுத்தாவிட்டால் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். பணத்தேவை புரிகிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். பூட்டையாவது வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தத் தேர்வு உங்கள் கையில்தான் இருக்கிறது.

1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல் ஒன்றை முன்பே இறக்கி வைத்திருந்தேன். கரண்ட் இல்லாத ராத்திரியில் அம்மா அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.