கப்பலில் சில்லறைக்கு அலைந்த கதை

ஏழு இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்காகத் துறைமுக வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கி மூச்சு விடுவதற்குள் ஒருவர் வந்து எங்கள் நான்கு பெட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார். கேபின் எண் அச்சிட்ட சீட்டு எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு நின்றார். நாங்களும் நின்றோம். வீட்டுக்காரர் பர்ஸைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் நூறு டாலர் நோட்டுகள்.

"கப்பல் பூரா கார்டுதான், கையில காசே வேண்டாம்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். ஆனால் நாங்கள் இன்னும் கப்பலில் ஏறவில்லையே! கைப்பையின் அடியில், பழைய ரசீதுகளுக்கு நடுவே எட்டாக மடிந்து கிடந்த ஒரு ஐந்து டாலர் நோட்டு காப்பாற்றியது. டாலர் புழங்கும் துறைமுகங்களில் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் கொடுப்பது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. நான்கு பெட்டிக்கு ஐந்து. ஏதோ, மானம் தப்பியது.

இந்தப் போர்ட்டர்கள் கப்பல் ஊழியர்கள் இல்லை, துறைமுகத்தைச் சேர்ந்தவர்கள். கப்பலில் நாம் கட்டும் டிப்ஸில் ஒரு காசு இவர்களுக்குப் போகாது. ஒற்றை டாலரும் ஐந்து டாலருமாகக் கொஞ்சம் நோட்டுகள் சட்டைப் பையில் இருக்க வேண்டிய முதல் இடம் கப்பல் அல்ல, அதன் வாசல். (பெட்டிகள் கேபின் கதவுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட் இரண்டையும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இது டிப்ஸ் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

உள்ளே போனபின் உலகமே வேறு. செக்-இன் சமயத்தில் கிரெடிட் கார்டைப் பதிந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்துவிடுகிறார்கள். அறைச் சாவி, அடையாள அட்டை, பர்ஸ் எல்லாம் அதுதான். எதை வாங்கினாலும் அட்டையை நீட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். ஏறுகிற சத்தம் கேட்காது என்பதுதான் ஆபத்து.

மூன்றாம் நாள் ராத்திரி, தூக்கம் வராமல், கேபின் டி.வி.யில் எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தேன். தினமும் ஒரே தொகை, இருவர் பேரிலும் தனித்தனியாக: தலைக்கு 18 டாலர் டிப்ஸ். ஏழு இரவுக்கு, இரண்டு பேருக்கு 252 டாலர். டிக்கெட் எடுத்தபோதே இது எழுதியிருந்தது, நான்தான் பக்கத்தை நகர்த்திவிட்டிருக்கிறேன். பெரும்பாலான கப்பல்களில் குழந்தைகளுக்கும் இதே கணக்குதான். முன்கூட்டியே கட்டிவிடும் வசதியும் உண்டு. கட்டியிருந்தால் இந்த ராத்திரி அதிர்ச்சி இருந்திருக்காது.

"கேட்காமலே எடுத்துக்கிறதுக்குப் பேரு டிப்ஸா?" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. மறுநாள் காலை அவர் சேவை மையத்து வரிசையில் போய் நின்றே விட்டார்.

அங்கே இருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. குறைக்க வேண்டுமானால் குறைக்கலாம், எடுத்துவிடவும் செய்யலாம் என்றாள். ஆனால் எடுத்துவிட்டு ஊழியர்கள் கையில் நேராகக் கொடுத்தால், அந்தப் பணத்தை அவர்கள் பொதுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும், அதுதான் இந்தக் கப்பலின் விதி என்றும் சொன்னாள். அதாவது, நாம் பார்க்காத சலவைக்காரரின் பங்கை எடுத்து நாம் பார்க்கிற பணியாளருக்குக் கொடுக்க முடியாது. இவர் திரும்பி வந்துவிட்டார்.

முன்பெல்லாம் கடைசி ராத்திரி டிப்ஸை உறையில் வைத்துக் கொடுப்பதுதான் முறையாம். தினமும் ஒரே மேஜை, ஒரே நேரம், அதே பரிமாறுபவர். அவருக்கு ஒரு உறை, உதவியாளருக்கு ஒன்று, கேபினைச் சுத்தம் செய்யும் ஸ்டூவர்டுக்கு ஒன்று. 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் ஃப்ரீஸ்டைல் என்று ஆரம்பித்தது: நினைத்த நேரத்தில், நினைத்த உணவகத்தில் சாப்பிடலாம். ஏழு நாளும் ஏழு பேர் பரிமாறினால் உறையை யார் கையில் கொடுப்பது? இந்தப் பழக்கம் பரவப் பரவ, உறையின் இடத்தைத் தினசரிக் கட்டணம் பிடித்துக்கொண்டது. இந்தக் காரணம் தெரிந்தபின் எனக்குக் கோபம் பாதி அடங்கிவிட்டது. மீதிப் பாதி, "இதைச் சம்பளத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் என்ன?" என்பது. அது இன்னும் அடங்கவில்லை.

எங்கள் ஸ்டூவர்ட் காலை ஏழு மணிக்கு நடைபாதையில் வணக்கம் சொல்வார். ராத்திரி ஒன்பதரைக்குக் கட்டிலில் துண்டை மடித்து யானை செய்து வைத்துவிட்டுப் போவார். எப்போதுதான் தூங்குவார் என்று தேடிப் படித்தேன். 2013-இல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம். அந்தப் பத்தையும் இரண்டு துண்டாக்கலாம், ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருந்தால் சரி. படித்த பிறகு அந்தத் துண்டு யானையைக் கலைக்க மனசு வரவில்லை.

இவ்வளவு கணக்குப் பார்த்த வீட்டுக்காரர் வேறொரு இடத்தில் கோட்டை விட்டார். மேல்தளத்து பாரில் ஒவ்வொரு முறையும் கையெழுத்துக்கு ஒரு ரசீது வரும். அதில் டிப்ஸ் என்று ஒரு வரி காலியாக இருக்கும். காலி வரியைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்க மாட்டார் இவர். மூன்று டாலர், மூன்று டாலர் என்று இரண்டு நாள் எழுதித் தள்ளியிருக்கிறார். அதற்கு மேல் வரியிலேயே பொடி எழுத்தில் 18 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. காலி வரி, அதற்கும் மேல் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. ஸ்பாவிலும் பெரும்பாலும் இதே கதைதான். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அப்படியானால் ரொக்கம் எதற்கு? அறைக்கே எதையாவது வரவழைத்தால் கொண்டுவருகிறவருக்கு ஒன்றிரண்டு டாலர். கரையில் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும். சுற்றுலாவைக் கப்பல் மூலமாகவே பதிந்திருந்தாலும் அவர்களுக்கான டிப்ஸ் பொதுவாக அதில் அடங்காது. பேருந்துப் படியருகே இருவரும் நின்று வழியனுப்பும்போது பர்ஸைத் திறந்து துழாவுவது போன்ற சங்கடம் வேறில்லை. இறங்குவதற்கு முன்பே நோட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளப் பழகினோம்.

அந்த நோட்டுக்காக நான் பட்ட பாடு தனி. சேவை மையத்தில் முதல் நாளே கேட்டிருந்தால் சிரமமில்லாமல் மாற்றியிருக்கலாம். நான் போனது கரை இறங்கும் காலையில். எனக்கு முன்னால் முப்பது பேர் நின்று வாங்கி, ஒற்றை நோட்டுகள் தீர்ந்துவிட்டிருந்தன. கப்பலின் ஏ.டி.எம். பக்கம் போனால் எடுப்பதற்கே தனிக் கட்டணம், அதுவும் பெரிய நோட்டாகத்தான் துப்பியது. கடைசியில் காசினோ காசாளரிடம் போய் ஒரு நூறை நீட்டினேன். அவர் சீட்டாட வந்தவள் என்று நினைத்துச் சிரித்தார். நான் இருபது ஒற்றைகளும் பதினாறு ஐந்துகளும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு ஆட்டமும் ஆடாமல் வெளியே வந்தேன். நாணயங்களைக் கொடுக்காதீர்கள். வேற்று நாட்டுச் சில்லறையை ஊழியர்கள் எங்கே போய் மாற்றுவார்கள்?

ஸ்டூவர்ட் விஷயத்திலும் ஒரு தப்பு செய்தோம். இரண்டாம் நாளே மேஜையில் ஐந்து டாலர் வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் அறை பளிச்சென்று இருக்கிறது, நோட்டு மட்டும் கண்ணாடித் தம்ளருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மறுநாளும் அப்படியே. குறைவென்று கோபமோ என்று எனக்கு ஒரே உறுத்தல். பிறகுதான் உறைத்தது: பேர் எழுதாத பணம் பயணி மறந்துவிட்டுப் போன பணம், அதை அவர் ஏன் தொடப் போகிறார்?

கடைசி ராத்திரி ஒரு உறையில் அவர் பெயரை எழுதி, இருபது டாலரும் ஒரு நன்றிச் சீட்டும் வைத்தேன். கருத்துப் படிவத்திலும் அவர் பெயரைக் குறிப்பிட்டேன். காலையில் கையில் கொடுக்கலாம் என்று நடைபாதையில் தேடினால், அடுத்த பயணிகளுக்கான படுக்கை விரிப்புகள் அடுக்கிய வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். உறையை வாங்கிப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"போகும்போது கதவைத் திறந்தே விட்டுடுங்க மேடம்," என்றார். "பதினொரு மணிக்குள்ள எல்லா அறையும் முடிக்கணும்."