மீன்பிடித் தடைக்காலமும் பேஸ்பால் ஏலமும்

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் வளர்ந்தவன் நான். விடியற்காலையில் கூறு கூறாகக் கொட்டிய மீனைச் சுற்றி வியாபாரிகள் நிற்பதையும், ஏலம் கூறுபவரின் குரலோடு விலை ஏறுவதையும் சிறுவயது முதலே பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்நாட்களில் ஃபைபர் படகுகளில் வரும் சொற்ப மீனுக்கு அத்தனை வியாபாரிகளும் போட்டியிடுவதால், வஞ்சிரத்தின் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். உண்மையான பேஸ்பால் வீரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய ஆட்டக் கணக்கைக் கொண்டு போட்டியிடுவது ஃபேன்டசி பேஸ்பால். சில வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் தக்கவைத்துக்கொள்ள விடுவது கீப்பர் லீக். அதன் ஏலம் எனக்கு விளங்கியது இந்தத் தடைக்காலத்தை நினைத்துப் பார்த்த பிறகுதான்.

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பர்கள் என்னை இதில் சேர்த்தார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு 8 மணி என்றால் மார்ச் இறுதியில் நமக்கு ஞாயிறு அதிகாலை 5.30. எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட் 1980-இல் நண்பர்களோடு தொடங்கிய ரோட்டிசெரி என்னும் ஃபேன்டசி ஆட்டத்தின் வழிவந்த ஏற்பாடு இது: 12 அணிகள், அணிக்கு 260 டாலர், 14 பேட்டர்களும் (மட்டையடிப்பவர்கள்) 9 பிட்சர்களுமாக (பந்தெறிபவர்கள்) 23 வீரர்கள். ஹோம் ரன், ஸ்டோலன் பேஸ் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), பேட்டிங் சராசரி, பிட்சரின் கணக்கில் சேரும் வெற்றி, ஸ்ட்ரைக்கவுட் முதலான பத்துப் பிரிவுகளில் அணிகள் வரிசைப்படுத்தப்படும்.

ஏலத்தில் புழங்கும் மொத்தப் பணம் 3,120 டாலர். 276 வீரர்களுக்கும் குறைந்தது ஒரு டாலராவது போகும் என்பதால், மீதமுள்ள 2,844 டாலரைத்தான் திறமைக்கேற்பப் பங்கிட வேண்டும். யாரும் வாங்காமல் விடப்படுவோரில் சிறந்த வீரரை அளவுகோலாக வைத்து, அவரைவிட ஒருவர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்பதற்கே விலை வைக்க வேண்டும். அணிக்கு இரண்டு கேட்சர்கள் (பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) வேண்டும் எனில் 24 பேர் போய்விடுவார்கள். அதற்கடுத்து மிஞ்சும் கேட்சர் மட்டையால் தருவது மிகக் குறைவு. ஆகவே 20 ஹோம் ரன் அடிக்கும் கேட்சர், அதே 20 அடிக்கும் அவுட்ஃபீல்டரைவிட (வெளிக்களத்தில் நிற்பவர்) அதிக விலை பெறுவது நியாயமே.

வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் லீக்கில் இப்படிப் போடும் விலைப்பட்டியல் மட்டும் போதாது. பன்னிரண்டு அணிகளும் சேர்ந்து 1,200 டாலர் மதிப்புள்ள வீரர்களை 800 டாலருக்குத் தக்கவைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் பணம் 2,320. ஏலத்துக்கு வரும் சரக்கின் மதிப்போ 1,920 மட்டுமே. ஏறத்தாழ 21 சதவீத விலையேற்றம் ஏலம் தொடங்கும் முன்பே உருவாகிவிடுகிறது. அதுவும் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை: ஒரு டாலர் வீரர் ஒரு டாலரிலேயே நிற்பார், பணம் முழுவதும் நட்சத்திரங்களை நோக்கியே பாயும். என் முதல் கீப்பர் ஏலத்தில் பட்டியல் விலையைத் தாண்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்; நல்லவர்கள் எல்லாரும் பிறர் அணிகளுக்குப் போக, என்னிடம் 41 டாலர் மிஞ்சியது. மிஞ்சிய பணத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.

யாரைத் தக்கவைப்பது என்ற கேள்விக்கும் இதே கணக்குத்தான் விடை. பிட்சர் பால் ஸ்கீன்ஸ் இன்னும் மைனர் லீகில் (முதன்மை லீகுக்குக் கீழ்நிலைப் போட்டிகள்) இருந்தபோதே, 2024 ஏலத்தில் அவரை 4 டாலருக்கு எடுத்தேன். அந்த ஆண்டு அவருடைய இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி; குறைவாக இருந்தால் நல்லது) 1.96. எங்கள் விதிப்படி ஆண்டுக்கு 5 டாலர் கூடுவதால் இப்போது விலை 14. அவரைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. (2025-இல் 1.97 இஆர்ஏவோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றும் அவர் கணக்கு 10 வெற்றி, 10 தோல்விதான். வெற்றி என்னும் பிரிவுக்காகப் பிட்சருக்குப் பணம் கொட்டுவதை நான் நிறுத்தியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.) யோசிக்க வைப்பவர் ஹோம் ரன் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ். என் பட்டியலில் அவர் மதிப்பு 47, தக்கவைக்கும் விலை 48. ஒரு டாலர் நட்டம் போலத் தோன்றுகிறது. ஆனால் 21 சதவீத ஏற்றத்தோடு அவர் ஏலத்துக்கு வந்தால் 57-க்குக் குறைந்து போக மாட்டார். எனவே உண்மையில் அது 9 டாலர் லாபம்.

பழைய மதிப்பீடுகளை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 2023-இல் பிட்சர் பந்தெறிய நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்து, பேஸ்களும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதானபோது, முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ்கள் 3,503 ஆயின. வரத்து பெருகினால் கூறின் விலை இறங்கும் என்பதைத் துறைமுகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் ஓட்டத்தை மட்டுமே நம்பிய வீரர்களுக்கு அப்போதும் எங்கள் லீக்கில் பழைய விலையே கொடுக்கப்பட்டது.

மற்ற பதினொரு அணிகளின் தக்கவைப்புப் பட்டியல் இன்னும் வரவில்லை. அது வந்த அன்றே 21 என்ற எண்ணை அழித்துவிட்டு, அவர்கள் உண்மையில் மிச்சம் வைத்த பணத்தை வைத்துப் புதிதாக வகுத்துப் பார்ப்பேன். ஜட்ஜைப் பற்றிய முடிவை அதுவரை ஒத்திவைத்திருக்கிறேன்.